வண்டிச் சக்கரத்தை உருளையாக வரைந்து பழகுவது: முதலில் அச்சு, பிறகு வட்டம்

ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட், அகமதாபாத் என்.ஐ.டி.யின் டாட் போன்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் ஆட்டோ, சைக்கிள், கார், மாட்டு வண்டி என்று நிறைய வரைந்து பழகுவார்கள். அந்தத் தாள்களைப் புரட்டினால் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பாடி ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். கண்ணாடி, கதவு, ஹெட்லைட் எல்லாம் சரியாக இருக்கும். சக்கரம் மட்டும் நட்டு கழன்று வெளியே சாய்வது போல நிற்கும்.

கை நடுக்கம்தான் காரணம் என்று நினைத்து நூற்றுக்கணக்கில் நீள்வட்டம் போட்டுப் பழகுகிறார்கள். நீள்வட்டம் வழவழப்பாகிவிடும், சக்கரம் அப்படியே சாய்ந்துதான் நிற்கும். பிழை கோட்டில் இல்லை, திசையில் இருக்கிறது. நீள்வட்டத்தின் குற்றச்சு, அதாவது குறுகலான பக்கத்தின் நடுக்கோடு, வண்டியின் ஆக்சிலோடு ஒரே கோட்டில் கிடக்க வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. படத்தின் ஓரங்களில் இந்த விதி கொஞ்சம் பிசகும். நடுப்பகுதியில் நம்பி வரையலாம்.

நடைமுறையில் பெரும்பாலானவர்கள் நெட்டச்சை, அதாவது நீளமான பக்கத்தின் நடுக்கோட்டை, செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். சக்கரம் நேராக நிற்கும் பொருள் என்று மூளை சொல்வதால் கையும் அப்படியே போகிறது. நின்றுகொண்டு ஒரு காரைப் பார்க்கும்போது சக்கரம் நம் கண்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது. ஆகவே ஆக்சில் கோடு, கண்மட்டத்தில் இருக்கும் மறைபுள்ளியை, அதாவது இணையான கோடுகள் தூரத்தில் சேர்வது போலத் தெரியும் புள்ளியை, நோக்கி மேலேறிப் போகும். அந்தச் சாய்ந்த கோட்டுக்குச் செங்குத்தாக நெட்டச்சு நிற்பதால், நீள்வட்டத்தின் உச்சி அந்த மறைபுள்ளிக்கு எதிர்ப்பக்கம் லேசாகச் சாயும். வரையும்போது தப்பாகத் தோன்றும். பாடியோடு சேர்த்துப் பார்த்தால் அதுதான் சரி. சக்கரம் கண்மட்டத்திலேயே இருந்தால்தான், அதாவது தரையில் படுத்துக்கொண்டு பார்த்தால்தான், நெட்டச்சு நேராக நிற்கும்.

பழகுவதற்கு ஏ4 தாளும் 0.5 மி.மீ. பேனாவும் போதும். பென்சிலைவிடப் பேனா நல்லது. அழிக்க முடியாது என்பதால் கோடு போடுமுன் கை யோசிக்கும். ஏ4 தாளுக்குள்ளேயே இரண்டு மறைபுள்ளிகளையும் வைத்தால் எல்லாம் கோணலாக இழுபடும். விரித்த செய்தித்தாளின் நடுவே ஏ4 தாளை அகலவாக்கில் ஒட்டுங்கள். தாளின் மேல்விளிம்பை ஒட்டிக் கண்மட்டக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் மறைபுள்ளிகளைச் சுமார் 60 செ.மீ. இடைவெளியில் செய்தித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மறைபுள்ளி ஆக்சில்களுக்கு, மற்றது வண்டியின் நீளத்துக்கு.

முதல் இரண்டு தாள்களில் சக்கரமே வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஆக்சில் கோடுகள் மட்டும் பத்துப் பன்னிரண்டு இழுத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு நீள்வட்டம் போடுங்கள். பேனா முனை தாளில் படாமல் மூன்று நான்கு முறை காற்றில் சுற்றிவிட்டுப் பிறகு அழுத்துங்கள். 6 செ.மீ. நீள்வட்டத்துக்கு அசைவு தோளிலிருந்து வர வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றினால் ஒரு முனை கூராகி முட்டை வடிவம் வந்துவிடும். இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது சுற்றில் கோடு நூல்கண்டாகிவிடும். முடித்ததும் சிவப்புப் பேனாவால் அந்த நீள்வட்டத்தின் உண்மையான குற்றச்சைக் கண்டுபிடித்து வரையுங்கள். குற்றச்சும் நெட்டச்சும் பிரித்த நான்கு துண்டுகளும் ஒரே அளவாகவும் ஒரே வடிவமாகவும் இருந்தால் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். சிவப்புக் கோடு ஆக்சில் கோட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள். அநேகமாக ஒரே பக்கமாகவே விலகும். அது உங்கள் கையின் பழக்கம். அது தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம். இந்தச் சிவப்புப் பேனா வேலையைத் தவிர்த்துவிட்டு எத்தனை தாள் வரைந்தாலும் பயன் குறைவு.

அடுத்தது உருளை. இங்கே அளவு தெரியாமல் வரைவதால்தான் கார் டயர் சைக்கிள் டயராகிறது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 205/55 ஆர்16 என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், சுமார் 113 மி.மீ. ரிம்மின் விட்டம் 16 அங்குலம், 406 மி.மீ. மொத்த விட்டம் 406 உடன் இரண்டு பக்கச்சுவர் சேர்த்துச் சுமார் 632 மி.மீ. ஆக அகலம் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆட்டோவின் 4.00-8 டயரில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பைக்கின் 90/90-17 டயரில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பழைய 28 அங்குல சைக்கிளில் 40 மி.மீ. அகலத்துக்கு 715 மி.மீ. விட்டம், அதாவது பதினெட்டில் ஒரு பங்கு. இந்த நான்கு விகிதங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

அந்த அகலம் தாளில் முழுதாகத் தெரியாது. எவ்வளவு தெரியும் என்பதை நீள்வட்டத்தின் பருமனே முடிவு செய்கிறது. மேலே சொன்ன கார் டயரை 6 செ.மீ. உயரத்தில் வரைவதாக வைத்துக்கொள்வோம். குற்றச்சு 3 செ.மீ. என்றால், அதாவது உயரத்தில் பாதி, சக்கரத்தின் முகத்தை 30 டிகிரியில் பார்க்கிறோம். அப்போது ஓடுதளம், அதாவது டயர் சாலையில் படும் பரப்பு, சுமார் 1.7 செ.மீ. தெரியும். குற்றச்சு 5.2 செ.மீ. என்றால் 60 டிகிரி. ஓடுதளம் 1 செ.மீ.தான். 45 டிகிரியில் குற்றச்சு 4.2, ஓடுதளம் 1.4. முகம் அகலமாகத் திரும்பத் திரும்ப ஓடுதளம் ஒடுங்கும். முகமும் அகலம், ஓடுதளமும் அகலம் என்று வரைந்தால் அது சக்கரமாகத் தெரியாது, டிரம் போலத் தெரியும்.

உருளையின் பின்முகம் இன்னொரு நீள்வட்டம். அது முன்முகத்தைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் விகிதத்தில் சற்றுப் பருத்தது. சக்கரம் குட்டை உருளை என்பதால் வித்தியாசம் நூலிழை அளவுதான். இருந்தாலும் பின்முகம் முன்முகத்தைவிட ஒல்லியாகிவிட்டால் உருளை முறுக்கிக்கொண்டது போலத் தெரியும். பின்பக்கம் மறைந்துதானே போகிறது என்று பாதி வளைவோடு நிறுத்தாதீர்கள்; பயிற்சியில் முழுச் சுற்றும் வரையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். ஒரே ஆக்சிலில் தூரம் போகப் போக நீள்வட்டம் பருக்கும் என்றால், காரின் ஒரே பக்கத்திலுள்ள முன் சக்கரம், பின் சக்கரம் என்ன ஆகும்? அங்கே நேர் எதிர். இரண்டும் ஒரே தளத்தில் கிடப்பவை. அந்தத் தளத்தில் தூரத்திலிருக்கும் சக்கரத்தை நாம் இன்னும் சரிவான கோணத்தில் பார்க்கிறோம், ஆகவே அது ஒல்லியாகும். முன்பக்க மூலையிலிருந்து பார்த்த காரில் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடச் சிறியதாகவும் ஒல்லியாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் நீள்வட்டத் துளைகள் வெட்டிய டெம்ப்ளேட் தகட்டின் ஒரே துளையில் வைத்து வரைந்த கார் வாழைப்பழம் போல வளைந்து தெரிவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு சக்கரமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஸ்கேலை வைத்து மூன்று கோடு சரிபார்த்தால் போதும். இரண்டு சக்கரத்தின் உச்சியையும் தொட்டுச் செல்லும் கோடு, இரண்டு ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) இணைக்கும் கோடு, இரண்டின் அடியையும் தொடும் தரைக்கோடு. மூன்றும் வண்டி நீளத்துக்கான மறைபுள்ளியில் சேர வேண்டும். நீள்வட்டத்தின் நெட்டச்சு முனையில் தரை தொடாது. தரைக்கோடு உரசும் இடம் அதற்குச் சற்று அப்பால் இருக்கும். நெட்டச்சு முனையைத் தரை என்று எடுத்துக்கொண்டு நிழல் போட்டால் வண்டி மிதக்கும். ஸ்டியரிங் திருப்பிய முன் சக்கரத்துக்கு மட்டும் தனி மறைபுள்ளி. அதுவும் கண்மட்டக் கோட்டின் மேல்தான்.

வெறும் உருளை டயராகாது. உருளையின் விளிம்பு வெட்டியது போல இருக்கும். டயரோ காற்றடைத்தது, நடுவில் புடைத்திருக்கும். ஆகவே ஒரே ஆக்சிலில் ஐந்து நீள்வட்டம் கோர்க்கிறோம்: நடுவில் பெரியது, அதன் இருபுறமும், ஓடுதளம் பக்கச்சுவரோடு சேரும் தோள் பகுதிக்கு, அதைவிட இம்மி சிறியவை, முன்புறம் ரிம் விளிம்பு, கடைசியாக ரிம்முக்குள் பதிந்த தட்டு. 6 செ.மீ. டயரில் ரிம் விளிம்பு 3.9 செ.மீ. வரும். ரிம்மின் உட்சுவர் எந்தப் பக்கம் தெரியும் என்பதில் பலர் தடுமாறுவார்கள். ஓடுதளம் இடப்பக்கம் தெரிந்தால் உட்சுவர் வலப்பக்கம் தெரியும். இரண்டும் ஒரே பக்கம் தெரிந்தால் ரிம் குழிவாக இல்லாமல் வெளியே துருத்தியது போலாகும்.

ஆரங்களுக்கு அலாய் வீலைவிட மாட்டு வண்டிச் சக்கரம் நல்ல பாடம். பெரும்பாலும் 12 ஆரம், கடிகார எண்கள் போல 30 டிகிரிக்கு ஒன்று. நடுவில் ஆரங்கள் சொருகியிருக்கும் குடம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதே அச்சில் ஒரு சின்ன உருளையும் கிடைக்கிறது. ஆரங்கள் கிளம்புவது குடத்தின் முகத்திலிருந்து அல்ல, அதன் இடுப்பிலிருந்து. பிரிப்பதற்கு ஒரு வழி: நெட்டச்சை விட்டமாகக் கொண்டு முழு வட்டம் போட்டு, அதில் 30 டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் குற்றச்சுக்கு இணையாகக் கோடிழுத்து நீள்வட்டத்தில் தொடும் இடத்தைக் குறியுங்கள். அப்போது நெட்டச்சை ஒட்டிய ஆரங்கள் நீளமாக நெருங்கி நிற்பதும், குற்றச்சை ஒட்டியவை குட்டையாக விலகி விரிவதும் கண்ணுக்குத் தெரியும். இப்படி நான்கைந்து சக்கரம் செய்தால் பிறகு கைப்பழக்கத்தில் வரும். ஐந்து ஆர அலாய் வீலுக்கு 72 டிகிரி, வேலை அதேதான். சக்கரத்தின் உண்மையான மையம் நீள்வட்டத்தின் மையத்தைவிட இம்மி தள்ளி, தூரப் பக்கமாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிதாக வரையும்போது இது கண்ணில் உறுத்தும்.

பட்டன்களை, அதாவது ஓடுதளத்தில் பள்ளங்களுக்கு இடையே எழும்பியிருக்கும் ரப்பர் மேடுகளை, கடைசியில்தான் தொட வேண்டும். புதுக் கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. 6 செ.மீ. படத்தில் அது ஒரு மி.மீ.க்கும் குறைவு, பேனாக் கோட்டின் தடிப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆகவே கோடுகள் போதும்; ஓடுதளம் வளைந்து மறையும் இரு முனைகளிலும் அவற்றை நெருக்கிப் போடுங்கள். டிராக்டரின் 13.6-28 பின் டயர் வேறு கதை. விட்டம் ஏறக்குறைய 1.3 மீட்டர், பட்டன் 3 செ.மீ.க்கு மேல் எழும்பியிருக்கும். அங்கே வெளிவிளிம்பே பல் பல்லாக உடைய வேண்டும். வழவழப்பான விளிம்புக்குள் பட்டனை வரைந்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருக்கும். முதலில் பட்டனின் உச்சிக்கு ஒரு உருளை, அடிக்கு ஒரு சிறிய உருளை என இரண்டும் மெல்லியதாகப் போட்டு, இடையில் பட்டன்களை நிறுத்துங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் ‘வி’ வடிவில் இருக்கும் அந்தப் பட்டன் வரிசையின் கூர் மேல்நோக்கி இருக்கும், முன்னால் நின்று பார்த்தால் கீழ்நோக்கி. தலைகீழாக வரைந்தால் டிராக்டர் ஓட்டியவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நாளுக்கு இரண்டு சக்கரம், ஒவ்வொன்றும் வேறு வண்டியுடையது, வேறு கோணத்தில். முதல் வாரம் ஒன்றுக்கு 20 நிமிடம் எடுத்தாலும் பரவாயில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து கடிகாரம் வைத்து ஆக்சில், ஐந்து நீள்வட்டம், ரிம் வரை 5 நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். நேரம் மீறினால் ஆரத்தையும் பட்டனையும் விடுங்கள், ஆக்சில் கோட்டை மட்டும் விடாதீர்கள். தேர்வில் முழு வண்டி வரையும்போதும் இதே வரிசைதான்: முழு வண்டியும் அடங்கும் பெட்டி, ஆக்சில் கோடுகள், சக்கர உருளைகள், அதற்கு மேல் மட்கார்டு, பிறகு பாடி. மட்கார்டின் வளைவும் அதே ஆக்சிலில் சுற்றும் இன்னொரு நீள்வட்டம் என்பதால், சக்கரத்தை முதலில் போட்டவருக்கு அது தானாக வந்து பொருந்தும்.