குரலைக் கேட்கும் மற்றவர்கள்

விலங்குகளின் ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றைக் கணினித் திரையில் நேரம் கிடையாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் அமைந்த வரைபடங்களாக விரித்துப் படிப்பது என் தொழில். காட்டிலேயே கழியும் வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில்தான் கழிகிறது. ஒரு குரல் எதற்காக எழுப்பப்படுகிறது என்று கேட்டால் இணையை அழைக்க, எல்லையைக் காக்க, ஆபத்தை அறிவிக்க என்று பாடநூல்கள் விடை சொல்கின்றன. அவை தவறல்ல. ஆனால் இந்த வேலையில் ஊறிய பிறகு, எந்தப் பதிவைத் திறந்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு: யாருக்காகக் குரல் கொடுக்கப்பட்டதோ அவரைத் தவிர, இதை இன்னும் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

பனாமாவில் வாழும் துங்காரா தவளையை இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. மூன்று சென்டிமீட்டர் அளவே உள்ள அந்தத் தவளையின் ஆண், இழுத்து முனகுவது போன்ற ஓர் ஒலியை எழுப்புகிறது. பக்கத்தில் போட்டியாளர்கள் கூவத் தொடங்கினால், முனகலின் முடிவில் 'சக்' என்ற குறுகிய ஒலிகளையும் சேர்க்கிறது. பெண் தவளைகளுக்கு இந்தச் சேர்க்கை பிடிக்கும். தவளையைத் தின்னும் ஒருவகை வௌவாலுக்கும் அதுவே பிடிக்கும் என்பதை உயிரியலாளர்கள் மைக்கேல் ரயானும் மெர்லின் டட்டிலும் 1980களின் தொடக்கத்தில் காட்டினார்கள். தனித்திருக்கும் ஆண் ஏன் வெறும் முனகலோடு நிறுத்திக்கொள்கிறது என்பது இதனால் விளங்குகிறது: 'சக்' என்பது விலை கொடுத்து வாங்கும் கவர்ச்சி, தேவை வந்தாலொழிய அதைச் செலவிடுவது வீண். வௌவாலின் நிழல் தெரிந்ததும் தவளை வாயை மூடிக்கொள்கிறது; ஆனால் குரல்பை விரிந்து சுருங்கியதால் நீரில் எழுந்த சிற்றலைகள் உடனே அடங்குவதில்லை. அந்த அலைகளையும் வௌவால் எதிரொலியால் உணர்ந்து தாக்குகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு கண்டது. மௌனம் சில நொடிகள் தாமதமாகத்தான் பலன் தருகிறது.

எச்சரிக்கை ஒலிகளில் இந்தக் கணக்கைத் திரையிலேயே பார்க்கலாம். வானில் வல்லூறு பறக்கும்போது பட்டாணிக்குருவி இனப் பறவைகள் எழுப்பும் ஒலி, வரைபடத்தில் ஏழு, எட்டு கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் மெல்லிய கோடாகக் கிடக்கும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கர்சரை வைத்துக் குறிப்பதே சிரமம், ஏனென்றால் இரு முனைகளும் மங்கிக் கரைந்திருக்கும். நமக்குச் சிரமமானது வல்லூறுக்கும் சிரமமே: கூர்மையான தொடக்கம் இல்லாத ஒலி வந்த திசையைக் கண்டுபிடிப்பது கடினம், தவிரவும் அந்த அதிர்வெண்ணில் வல்லூறின் செவி குருவியின் செவியளவு கூர்மையானதல்ல. கிளையில் அமர்ந்திருக்கும் ஆந்தையைக் கண்டு அதே குருவி கத்துவதோ நேர் எதிரானது. அகன்ற பட்டைகள், வெட்டினாற்போன்ற விளிம்புகள், ஓயாத திரும்பல்கள். அங்கே இருப்பிடத்தை அறிவித்துத் துணை திரட்டுவதே நோக்கம். பறவைக் குரல் ஆய்வாளர் பீட்டர் மார்லர் 1950களில் விளக்கிய வேறுபாடு இது; எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

எங்கள் தொழிலின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்குவது ஹவாயின் கவாய் தீவில் வாழும் சுவர்க்கோழிப் பூச்சிகளின் கதை. அங்கே ஆண் பாடும் ஒலியைக் கேட்டு ஒட்டுண்ணி ஈ ஒன்று தேடி வந்து தன் புழுக்களை அதன்மேல் விடுகிறது; அவை உள்ளே புகுந்து தின்று வளர, சுவர்க்கோழி இறந்துபோகிறது. உயிரியலாளர் மார்லீன் ஸுக்கும் அவர் குழுவினரும் 2003இல் அங்கே சென்றபோது பாட்டு ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. ஆனால் விளக்கொளியில் தேடியபோது பூச்சிகள் ஏராளமாக இருந்தன. இறக்கையில் ஒலியெழுப்பும் அமைப்பை அழித்துவிட்ட ஒரு மரபணு மாற்றம், இருபதுக்கும் குறைவான தலைமுறைகளில் பெரும்பாலான ஆண்களிடம் பரவியிருந்தது. பாட முடியாத ஆண்கள், பாடும் சில ஆண்களின் அருகே காத்திருந்து, அங்கே வரும் பெண்களை இடைமறித்துச் சேர்கின்றன.

தானியங்கி ஒலிப்பதிவுக் கருவியும் குரல்களை எண்ணும் மென்பொருளும் மட்டும் அங்கே வைக்கப்பட்டிருந்தால், 'இனம் அழிந்தது' என்றே அறிக்கை வந்திருக்கும். அதனால்தான் கூவல்களின் எண்ணிக்கையைக் காட்டும் அட்டவணைக்கு 'விலங்குகளின் எண்ணிக்கை' என்று தலைப்பிடுவதை நான் ஒப்புவதில்லை. கூட்டங்களில் இது வீண்பிடிவாதம் என்று கருதப்படுவதும் எனக்குத் தெரியும். ஆனால் கூவாமல் ஓரமாகப் பதுங்கியிருந்து இணை தேடும் ஆண்கள் பல தவளை இனங்களிலும் உண்டு.

இந்தப் பேரத்தில் மனிதர் எழுப்பும் இரைச்சலும் இப்போது ஒரு தரப்பு. நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பெரிய பட்டாணிக்குருவிகள் பாட்டின் தாழ்ந்த சுரங்களை உயர்த்திப் பாடுவதாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இது வெற்றிகரமான தகவமைப்பு என்று பலர் எழுதிவிட்டார்கள்; எனக்கு அவசரமாகத் தோன்றுகிறது. பெண் குருவிகளை ஈர்ப்பவை தாழ்ந்த சுரப் பாட்டுகளே என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே, உயர்த்திப் பாடினால் குரல் எட்டும், ஈர்ப்புக் குறையும். தாழ்த்திப் பாடினால் இரைச்சலில் மூழ்கும். இவற்றில் எது அதிகக் குஞ்சுகளைத் தருகிறது என்பதைக் கூட்டுக்குக் கூடு பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒலிக்கோப்புகளை எத்தனை முறை அலசினாலும் அதற்கு விடை கிடைக்காது.