ஸ்பூல் நூலும் அப்பாவின் தங்கூசியும்

போன வைகாசியில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற மூழ்கிய கப்பலின் சிதைவில் டைவ் முடித்து மேலே வரும்போது என் எஸ்எம்பி (நாம் இருக்கிற இடத்தைப் போட்டுக்குக் காட்டக் கீழிருந்து ஊதி மேலே விடுகிற பை) என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பியது. 15 மீற்றரில் பையை ஊதி விட்டேன், அதன் நூலைச் சுற்றி வைத்திருக்கிற ஸ்பூல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது, டக்கென்று நின்றது, அடுத்த நொடி கை மேலே, கைக்குப் பின்னால் நான். கையை விட வேண்டும் என்பது மூளைக்கு எட்டுவதற்குள் 10 மீற்றருக்கு வந்துவிட்டேன், மணிக்கட்டில் ஆழமும் ஏறும் வேகமும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் கத்திக்கொண்டிருந்தது. விட்டேன். பையும் ஸ்பூலும் என் கண்முன்னே போய்ச் சேர்ந்தன. கூட வந்த கூட்டாளி தன்னுடைய எஸ்எம்பியைப் போட்டார், அதன் நூலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பாதுகாப்புக்காக 5 மீற்றரில் மூன்று நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிட்டு மேலே வந்தோம்.

போட்டுக்கார அண்ணன் என் பையை ஏற்கெனவே பொறுக்கி எடுத்திருந்தார். அணியத்தில் அது கிடந்த கோலத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. "என்ன தம்பி, நூல் சுத்துறதுக்குச் சிலந்தியைச் சம்பளத்துக்கு வெச்சிருக்கிங்களா?" என்று கேட்டார். போட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கு இன்னும் சம்பளம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்பது 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல். அதே நாளில்தான் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸும் மட்டக்களப்புக் கடலில் போனது. ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அது சாதாரண பொழுதுபோக்கு டைவ்காரருக்கான 40 மீற்றர் எல்லையைத் தாண்டிய விஷயம், தனிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டும். சார்ஜன்ட் 24 மீற்றர் சுமார், அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய கப்பல். இரண்டு இடத்திலும் நீரோட்டம் ஒரு நாளைக்கு இருக்கும், ஒரு நாளைக்கு இராது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறலாம் என்று நினைத்துப் போவோம், திரும்பும்போது கயிறு எங்கேயோ நாம் எங்கேயோ. அப்போது கையில் இருக்கிற ஸ்பூலும் பையும்தான் போட்டுக்கும் நமக்கும் இடையில் இருக்கிற ஒரே தொடர்பு. மேலே மீன்பிடி வள்ளங்கள் இஞ்சினோடு ஓடித் திரிகிற கடல் இது, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மேலே வருவது நல்லதல்ல.

ஸ்பூல் என்பது பார்க்க விளையாட்டுச் சாமான். நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் உருளை, இரண்டு பக்கமும் விளிம்பு, விளிம்பில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள், சுற்றிப் பின்னல் நைலோன் நூல், இரண்டு பக்கமும் வாயுள்ள ஒரு கொளுக்கி. அவ்வளவுதான். கைப்பிடி இல்லை, பூட்டு இல்லை, சுழல்வதற்கென்று தனிப் பாகம் எதுவும் இல்லை. ரீல் என்றால் இதெல்லாம் இருக்கும், அதனாலேயே அது சிக்கிக்கொள்ளும் இடங்களும் அதிகம். ஸ்பூல் தானாகச் சிக்காது, அதைச் சிக்க வைக்க ஒரு மனிதன் வேண்டும். அன்றைக்கு நான்.

நான் செய்தது இதுதான். அதற்கு முந்தின டைவில் மேலே வந்தபின், போட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே நூலைத் தளரத் தளரச் சுற்றி வைத்தேன். தளர்ந்த சுற்றின் மேல் இழுபட்ட சுற்று வரும்போது, மேலே உள்ளது கீழே உள்ளதற்குள் புதைந்துபோகும். கையால் உருவினால் வரும். ஆனால் பை காற்றோடு மேலே பாயும்போது அந்த இழுப்பில் புதைந்த சுற்று இன்னும் இறுகும். ஸ்பூல் நின்றது அதனால்தான். 

வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் கொட்டி வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா கல்லடியில் முப்பது வருடத்துக்கு மேல் தூண்டில் போட்டவர். கொஞ்ச நேரம் பார்த்தார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், மறுகா என் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, கட்டையில் சுற்றுகிற ஆளுக்கு இந்த ஸ்பூல் புதுசு இல்லை. "நூலைச் சும்மா கிடக்க விடாத மனே. உன்ட கையில இழுபட்டுக் கிடக்க வேணும், இல்லாட்டிக் கட்டையில இறுகிக் கிடக்க வேணும். ரெண்டுக்கும் நடுவுல கிடக்க ஒண்ணா" என்றார். எனக்குப் பாடம் எடுத்த பயிற்சியாளர் இரண்டு நாளில் சொன்னதை எல்லாம் இவர் ஒரே வாயில் சொல்லிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

சரி, சுற்றும் முறைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பூலை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நூலைச் சுற்றிச் சுற்றி வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறும். 30 மீற்றர் நூலை அப்படிச் சுற்றினால் எத்தனை முறுக்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்த முறுக்குத்தான் நூல் கொஞ்சம் தளர்ந்த உடனே தன்னைத்தானே பின்னிக்கொண்டு பன்றிவால் மாதிரிச் சுருள்வதற்குக் காரணம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பட்ட நூலைக் கம்பில் எட்டுப் போட்டுச் சுற்றுவோமே, அதில் ஒரு பக்கம் ஏறிய முறுக்கு மறுபக்கம் இறங்கிவிடும், அதனால் சிக்காது. ஸ்பூலில் எட்டுப் போட முடியாது. ஆகவே நூல் நிற்க வேண்டும், ஸ்பூல் சுழல வேண்டும். நான் செய்வது இப்படி: இடது கைப் பெருவிரலையும் நடுவிரலையும் இரண்டு பக்கமிருந்தும் நடு ஓட்டையில் கொடுத்து அச்சுப் போலப் பிடிப்பேன், சுட்டுவிரலை நீட்டி நூலை அதன் மேல் ஓடவிடுவேன், வலது கை விரல் நுனியை விளிம்பு ஓட்டையில் வைத்து ஸ்பூலை உருட்டுவேன். சுட்டுவிரலுக்கு இழுப்பு எப்போதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிறுத்தி, நூலை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் மறுபடி உருட்டுவேன். முதல் பத்து முறை கை வலிக்கும், ஸ்பூல் கையை விட்டு ஓடும், விறாந்தையில் செய்தால் பூனை வந்து சேரும். பரவாயில்லை, விறாந்தையில் விழுந்தால் பொறுக்கலாம்.

இன்னொன்று, ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பக்கூடாது. கடையில் வாங்கும்போது நூல் நிறைய இருந்தால் லாபம் மாதிரித் தெரியும், ஆனால் விளிம்பில் கொஞ்சம் இடம் விடாவிட்டால் மேல் சுற்றுகள் வழிந்து வெளியே விழும், வழிந்தது போய் அச்சு விரலைச் சுற்றும். நீளம் பற்றி ஒரு வார்த்தை: 15 மீற்றர் ஸ்பூல் 12 மீற்றரில் போதும் என்று கணக்குப் பார்த்தால் தப்பு. நீரோட்டத்தில் நூல் சரிந்து நிற்கும், சரிவுக்கும் நூல் வேண்டும். நம் கடலுக்கு 30 மீற்றருக்குக் குறைந்து நான் கொண்டுபோவதில்லை. நைலோன் நூல் தண்ணீரில் அமிழும், சில கயிறுகள் மிதக்கும், மிதக்கிறது தளர்ந்தால் தலைக்கு மேலே வளையமாக நிற்கும், சிலிண்டர் வால்வு அதைத் தேடிப் பிடிக்கும். அதனால் மீன்பிடிக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ட கயிற்றையும் சுற்றாதீர்கள்.

பையை விடும்போது நான் இப்போது பின்பற்றுகிற ஒழுங்கு: நூலின் முனையிலுள்ள கண்ணியைப் பையின் வளையத்தில் கோத்து, அந்தக் கண்ணிக்குள் ஸ்பூலையே நுழைத்து இழுத்தால் கண்ணி தானாக இறுகும், முடிச்சுத் தேவையில்லை, கையுறையோடும் செய்யலாம். இதற்காகவே கண்ணி ஸ்பூல் போகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அப்புறம் கொளுக்கியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிவிடுவேன். ஓட்டையில் மாட்டினபடியே பையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நான் போன பயணத்தை இன்னும் வேகமாகப் போகிற வழி. ஸ்பூலை உடம்பில் எங்கும் மாட்டக்கூடாது, நூலைக் கையில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக்கூடாது. பிடி இரண்டு விரல் பிடி, விட நினைத்தால் விடக்கூடிய பிடி. மேலே பார்க்க வேண்டும், கூட்டாளி இடையில் இல்லை, நூல் எந்த வாரிலும் கொழுவவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஊத வேண்டும்.

எவ்வளவு ஊதுவது? ஆசைப்பட்டு நிறைய ஊதுவதுதான் எல்லோருக்கும் வரும் கெட்ட பழக்கம். 15 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டரை மடங்கு, அங்கே ஒரு லீற்றர் காற்று மேலே போனதும் இரண்டரை லீற்றர். 20 மீற்றரில் என்றால் மூன்று மடங்கு. ஆகவே சின்னப் பைக்கு ஒரு நல்ல மூச்சுப் போதும். அதுவும் நம் நெஞ்சில் இருந்த காற்றையே ஊதினால் மிதப்பு அப்படியே இருக்கும், காற்று இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஊதினதும் உடனே விட வேண்டும். பிடித்துக்கொண்டு யோசித்தால் அடுத்த மூச்சை எடுத்த உடனே பையோடு சேர்ந்து நீங்களும் ஏறத் தொடங்குவீர்கள்.

பை மேலே போய்விட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. நூலில் இழுப்பு இருந்தால்தான் பை நிமிர்ந்து நிற்கும். தளர்ந்தால் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிடும், கச்சான் காற்று அடித்து அலை எழும்புகிற நாளில் படுத்த பை போட்டிலிருந்து தெரியவே தெரியாது. அதனால் ஏறும் வேகத்தையும் சுற்றும் வேகத்தையும் ஒன்றாக வைக்க வேண்டும், நிமிடத்துக்கு 9 மீற்றர் என்பது சுற்றுகிற கைக்கே வேகமான கணக்கு, நான் அதைவிட மெதுவாகத்தான் வருகிறேன். 5 மீற்றரில் நிற்கும்போது கொளுக்கியை விளிம்பு ஓட்டையில் கொடுத்து நூலையும் அதன் வாய்க்குள் பிடித்தால் ஸ்பூல் பூட்டிக்கொள்ளும், கை ஓயும். அந்த நேரத்தில் நூலின் மேல் பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாக இருந்தால் போதும், அலை பையைத் தூக்கும்போது நூல் சொல்லும்.

நூல் சொல்லும் என்று நான் சும்மா எழுதவில்லை. ஆனியில் ஒருநாள் முகத்துவாரத்துக்குக் கிட்ட வாவியில் ஒருவருடைய போட் இஞ்சின் கழன்று விழுந்துவிட்டது, ஆழம் மூன்று மீற்றர்தான், ஆனால் வாவித் தண்ணீரில் கையை நீட்டினால் விரல் தெரியாது. (முதலையைப் பற்றிக் கேட்டேன், "இந்தப் பக்கம் வராது" என்றார்கள், எந்தப் பக்கம் வரும் என்று நான் கேட்கவில்லை.) ஒரு ஈயக் கட்டையை நடுவில் போட்டு, ஸ்பூல் நூலை அதில் கட்டி, தொடக்கம் தெரிய ஒரு கம்பைச் சேற்றில் குத்திவிட்டு, நூலை இழுத்துப் பிடித்தபடி வட்டம் போனேன். 3 மீற்றருக்கு ஒரு முடிச்சு நூலில் போட்டிருந்தேன், இருட்டில் விரலால் எண்ணலாம். கம்பில் முட்டினால் ஒரு வட்டம் முடிந்தது, அரை முடிச்சளவு நூலை விட்டு அடுத்த வட்டம். நான்காவது வட்டத்தில் நூல் எதிலோ தடுத்து வளைந்தது. கண்ணால் ஒன்றும் பார்க்கவில்லை, நூலைப் பிடித்துக்கொண்டே போய்க் கையை வைத்தேன், இஞ்சின் விசிறி. தளர்ந்த நூலாக இருந்திருந்தால் அதன் மேலால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், நான் இன்னும் வட்டம் போய்க்கொண்டிருப்பேன். இஞ்சின்காரர் கூலி என்று கொடுவா மீன் ஒன்று தந்தார், இரண்டு கிலோவுக்குக் குறையாது.

கப்பலுக்குள் போகும்போது திரும்பும் வழிக்காக நூல் போடுவது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், நான் இங்கே எழுதி யாரும் போய்ப் பார்க்கக்கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் கட்டு எப்போதும் வெளிச்சம் தெரிகிற வெளிப்பக்கத்தில், உள்ளே நுழைந்ததும் இன்னொரு கட்டு, நூலைப் போட்டவர் முதலில் போய்க் கடைசியில் வருவார். வெளியே மட்டும் சுற்றுகிறவர்களுக்கும் வெட்டும் சாமான் கட்டாயம், சிதைவுகளில் அறுந்த வலைகள் தொங்கிக் கிடக்கும். வெட்டும்போது நூலை இழுத்துப் பிடித்து வெட்டுங்கள், தளர்ந்த நூல் கத்தியோடு சேர்ந்து போகுமே தவிர அறாது.

டைவ் முடிந்து வீட்டுக்கு வந்தால் நூலை முழுவதும் உருவி நல்ல தண்ணீரில் ஊற வைத்து, ஈரத்தோடு இழுத்துச் சுற்றுவது இப்போது பழக்கமாகிவிட்டது. அந்த வேலையைப் பாதி நாள் அப்பாதான் செய்கிறார், நான் சுற்றியதில் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. போன கிழமை என்னைக் கேட்காமலே முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துப் பாகக் கணக்கில் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) புதிதாகப் போட்டு வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் மீற்றரில் காட்டுகிறது, நூல் பாகத்தில் காட்டுகிறது, தண்ணீருக்குக் கீழே நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.