படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்

பழைய குடும்பப் படங்களை இணையத்தில் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்றுதான். அது இரண்டாவது கேள்வி. கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலுமாரிகளுக்குள் கிடக்கும் அல்பங்களில் யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். போனில் அவசரத்துக்கு ஒரு பிரதி எடுத்து, வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் காட்டி, பெயர்களை எழுதிக்கொண்டு பிறகு ஸ்கேனர் கடைக்குப் போங்கள்.

கேட்கும்போது பின்வரிசையா முன்வரிசையா, இடமிருந்து எத்தனையாவது ஆள் என்று குறியுங்கள். "எங்கட பெரியம்மா" என்றால் போதாது, யாருக்குப் பெரியம்மா என்று இருக்க வேண்டும். பெயருக்கு முன்வரும் முதலெழுத்தை விரித்து எழுதாவிட்டால் ஒரே பெயருள்ள தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். பெண்கள் பெரும்பாலும் "திருமதி" போட்டுக் கணவர் பெயரில்தான் இருப்பார்கள். சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் கேளுங்கள். தகவலைச் சொன்னது யார், எப்போது என்பதும் ஒரு வரி.

இனி அல்பம். பக்கத்தில் பசைக் கோடுகளும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள அல்பங்கள்தான் ஆபத்தானவை. படத்தின் மூலையை நகத்தால் கிளப்பினால் மடிப்பு விழும். பாமசியில் விற்கும் பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் நுழைத்து, வாள் அறுப்பதுபோல் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். அசையவில்லையென்றால் விட்டுவிட்டு முழுப் பக்கமாக ஸ்கேன் செய்யலாம். பிறேமின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்கக் கூடாது. கொழும்பின் ஈரப்பதனில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும். கண்ணாடிக்கு மேலாலேயே பிரதி எடுங்கள். பூஞ்சணம் படிந்ததை ஈரத்துணியால் துடைத்தால் அது உள்ளே தேய்ந்துவிடும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள்.

ஸ்கேனரில் சாதாரண அச்சுப் படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்தில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை) போதும். பாஸ்போட் அளவுப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் 24 பிட் நிறத்தில் எடுத்தால்தான் பழுப்பேறிய சாயல் பதியும். தானாகக் கூர்மையாக்குவது, நிறம் திருத்துவது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். திருத்தம் செய்வது பிரதியில்தான். 4x6 அங்குலப் படம் ஒன்று தரம் குறைக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக ஏறத்தாழ 25 எம்பி வரும். 400 படங்களை முன்னும் பின்னுமாக எடுத்தால் 20 ஜிபி. கூகிள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அது அடங்காது, ஆகவே இரண்டு வன்தட்டுகள் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

மெல்லிய, விலை குறைந்த ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் (CIS) வகை உணரிதான்; கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே அது தெளிவாகப் பிடிக்கும். கண்ணாடியில் படியாமல் சுருண்டு நிற்கும் படத்தின் ஓரங்கள் அதில் மங்கும். பழைய படங்களுக்கு, சற்று விலகி நிற்பதையும் தெளிவாகப் பிடிக்கும் சிசிடி (CCD) வகையே பொருத்தம். நெகடிவ்களுக்கு ஒளிவிடும் மூடி கொண்ட ஸ்கேனர் தேவை. 35 மிமீ பிலிமுக்கு 3200 டிபிஐ வையுங்கள். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி கறுப்பு வெள்ளை நெகடிவில் வேலை செய்யாது, படத்தை உருவாக்கும் வெள்ளித் துகளையும் தூசி என்று எடுத்துக்கொண்டு படத்தைக் கெடுக்கும். நெகடிவ் டப்பாவைத் திறந்ததும் வினாகிரி வாசம் அடித்தால் அசிட்டேற் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதல் ஆளாக ஸ்கேன் செய்யுங்கள்.

பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் எடுங்கள். மங்கிய பென்சில் எழுத்து ஸ்கேனில் துலங்குவதுண்டு. ஸ்டூடியோ முத்திரை (1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்றவை) விலாசத்தோடு இருந்தால் காலத்தைக் கணிக்கலாம். தெருப் படங்களுக்கு வேறு தடயங்கள்: கொழும்பில் டிராம் 1960 வரை ஓடியது, டிரொலி பஸ் 1953இல் வந்து 1964இல் நின்றது. வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் 1958ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்த படம். ஆனால் அதே படத்தில் டிராமும் தெரிந்தால்கூட, "1959" என்று அடித்துச் சொல்லாமல் "1958–60 அளவில், இலக்கத் தகட்டையும் டிராமையும் வைத்து" என்று காரணத்தோடு எழுதுங்கள்.

விவரத்தைப் பாமினியில் தட்டச்சிட வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடலிலும் சிக்காது. யூனிகோடில் எழுதி, எக்ஸ்என்வியூ (XnView) அல்லது டிஜிகாம் (digiKam) மென்பொருள் கொண்டு படக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடுங்கள். கோப்புப் பெயருக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் நல்லது: அல்ப எண், பக்கம், படம், முன் அல்லது பின்.

பேஸ்புக் குழுவில் போடுவது பெயர் கண்டுபிடிக்க உதவும், பாதுகாக்க உதவாது. அது படத்தை நெருக்கிச் சுருக்கி, உள்ளே பதித்த விவரத்தையும் பெரும்பாலும் கழற்றிவிடுகிறது. வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். நிலையான இடம் வேண்டுமென்றால் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேமித்து 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம், இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகம், விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் விக்கிமீடியா பொதுவகம் இருக்கின்றன. பதிப்புரிமையில் பொதுவகம் கண்டிப்பானது. படம் உங்கள் அல்பத்தில் இருப்பதால் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது; இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எடுத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை நீளும். பழைய ஸ்டூடியோப் படங்களில் இதுதான் இடறும். அப்படியானவற்றை ஏற்ற முன் அந்தந்தத் தளத்திடம் கேளுங்கள்.

உயிரோடிருப்பவர்களின் படம், அடையாள அட்டை, வீட்டு விலாசம் தெரியும் கடிதம் ஆகியவற்றைத் தனிக் கோப்புறையில் போடுங்கள். 1983 கலவரத்தைத் தொடும் படங்களும் அதற்குள்தான். குடும்பத்தில் ஒருவர் சம்மதம் போதாது. படத்தில் உள்ளவர்களிடமோ அவர்களின் பிள்ளைகளிடமோ கேட்டு, அனுமதித்த திகதியையும் அதே விவரத்தில் எழுதுங்கள். பதில் வராதவை வன்தட்டில் இருக்கட்டும்.