நேட்டாலுக்குக் கப்பலேறிய பாட்டனாரைத் தேடும்போது: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனைத் தொட்டது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் காலனி எண் என்ற ஒரு பதிவு எண் உண்டு. தேடலில் கையில் இருக்க வேண்டிய முதல் பொருள் அந்த எண்தான்.

பெயரை வைத்துத் தொடங்கிய தேடல்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முட்டி நிற்கின்றன. கப்பலில் வந்தவர்களின் பட்டியலை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனிசாமி ஒரு பக்கம் மூன்சாமி, இன்னொரு பக்கம் மூனிசாமி. அதைவிடப் பெரிய சிக்கல் குடும்பப்பெயர். இன்று கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்றிருப்பதைப் பட்டியலின் பெயர்க் கட்டத்தில் தேடினால் கிடைப்பது அரிது. அது சாதிக் கட்டத்தில் இருக்கலாம். தந்தையின் பெயரே பின்னாளில் குடும்பப்பெயராகிவிட்ட வீடுகளும் நிறைய.

எண்ணைத் தேட வேண்டிய இடம் வீட்டுப் பெட்டிதான். பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளில் எழுதியிருப்பார்கள். நேட்டாலில் பிறந்த பிள்ளைகள் கப்பல் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுடைய தாளில் பெற்றோரின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழம்பும். எண் பொருந்தவில்லை என்றால் இந்த இலக்கங்களை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டே கைவிடுங்கள்.

எண் கிடைத்தால் பட்டியல் திறந்துகொள்ளும்: தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைத் தொகுத்திருக்கிறது. ஒரு வரியோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் பத்துப் பத்து எண்களைப் படியுங்கள். மனைவி, தம்பி, ஒரே ஊர்க்காரர் அடுத்தடுத்த எண்களில் இருப்பது வழக்கம். வயதை ஐந்தாண்டு கூட்டிக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். 20, 25, 30 என்று முழுசாக வருவதெல்லாம் பெரும்பாலும் மதிப்பீடு. தழும்பு பற்றிய குறிப்பைத் தவறாமல் படியெடுங்கள். ஒரே பெயரில் இருவர் வந்தால் பிரித்துக் காட்டுவது அதுதான்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. அது முடிந்தபின் தடம் மெலிந்துவிடும். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ள இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் (ஒப்பந்தக் கூலிகளைக் கவனித்த காலனி அதிகாரி) அலுவலகக் கோப்புகளும், இறந்தவரின் சொத்துக் கோப்பும். சொத்துக் கோப்பில் இருக்கும் மரண அறிவிப்பு அருமையான தாள். பெற்றோர், பிறந்த இடம், துணை, பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் சொன்னவர் மருமகனாக இருந்தால் இறந்தவரின் பெற்றோர் பெயரை ஊகமாகச் சொல்லியிருப்பார். கப்பல் பட்டியலோடு ஒத்துவந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாடு ஊரைப் பிடிப்பது. வட ஆற்காடு என்று இருந்தால் உடனே வேலூருக்குப் போகக்கூடாது. சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்கள் 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காட்டில் இருந்தவை. இன்று ஆந்திரத்தில் உள்ளன. மிச்சமிருந்த வட ஆற்காடும் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. ஜில்லாவை விடத் தாலுகா பெயரை நம்புங்கள். புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் எங்கும் இருப்பதால் தாலுகா தெரியாத ஊர்ப்பெயர் உதவாது.

ஊர் உறுதியானதும் பலர் நிலப் பதிவேட்டுக்கு ஓடுகிறார்கள். கூலிக்குப் போனவர்களில் பலருக்குப் பட்டா நிலமே கிடையாது, அங்கே பெயர் இருக்காது. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கோயில் வரி) நோட்டைக் கேளுங்கள். பட்டியலில் உள்ள தந்தை பெயரைச் சொல்லி, அந்தப் பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட வகையறா எது என்று விசாரியுங்கள்.