வரைபடம் முடிந்த பிறகு தொடங்கும் வேலை

கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள் உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் மட்டுமே. கட்டடக் கலைஞர் அதில் ஒரு தரப்பினர் அல்லர். ஆனால் ஒப்பந்தத்தைத் திறந்து நிபந்தனைகளைப் படித்தால், எந்தப் பில்லுக்கு எவ்வளவு பணம் சேர வேண்டும், எந்தத் தாமதம் ஏற்கத்தக்கது, எந்த வேலையை இடித்துத் திரும்பச் செய்ய வேண்டும், கட்டடம் எந்த நாளில் முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என ஏறக்குறைய எல்லா முக்கியமான இடங்களிலும் அவருடைய முடிவுக்கே விஷயம் விடப்பட்டிருக்கும். உரிமையாளரிடம் கட்டணம் பெற்றுக்கொண்டே, அந்த உரிமையாளருக்கும் அவர் பணம் தர வேண்டியவருக்கும் நடுவே நியாயம் சொல்ல வேண்டிய இந்த விசித்திரமான நிலையைப் பற்றி நாங்கள் படித்த காலத்தில் வகுப்பறையில் அதிகம் பேசப்பட்டதில்லை. வடிவமைப்புக்கே எல்லா நேரமும் போய்விடும்.

இந்த இரட்டை நிலையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு 1974-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்துவைத்த சட்க்ளிஃப் எதிர் தாக்ரா வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வீடு கட்டிய ஒருவர், சரியாகச் செய்யப்படாத வேலையின் மதிப்பையும் சேர்த்துத் தம் கட்டடக் கலைஞர்கள் இடைக்காலச் சான்றிதழ் (ஒப்பந்ததாரருக்கு இதுவரை எவ்வளவு சேர வேண்டும் என்று எழுதித் தருவது) வழங்கிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்தார். அதற்குள் ஒப்பந்ததாரர் நொடித்துப் போயிருந்ததால், கூடுதலாகக் கொடுத்த பணத்தை அவரிடமிருந்து திரும்பப் பெற வழியில்லை. சான்றிதழ் வழங்கும்போது கட்டடக் கலைஞர் நடுவரைப் போலச் செயல்படுவதால் அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று, 1901-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை ஒட்டி, அதுவரை கருதப்பட்டு வந்தது. அந்தக் கருத்தைப் பிரபுக்கள் சபை தள்ளியது. இரு தரப்புக்கும் நியாயமாக நடந்துகொள்ளும் கடமை கட்டடக் கலைஞருக்கு உண்டு. அதைக் கவனக்குறைவாகச் செய்தால் உரிமையாளருக்கு ஏற்படும் இழப்புக்கும் அவரே பொறுப்பு. பாரபட்சமின்மை வேண்டும் என்பதால் பொறுப்பிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது.

நிலையான ஒப்பந்தப் படிவங்களும் இந்த முரண்பாட்டோடு நெடுநாளாகப் போராடி வருகின்றன. பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 1999-ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகம் என்ற ஒப்பந்தப் படிவம், அதில் இந்த வேலையைச் செய்யும் பொறியாளர் உரிமையாளருக்காகச் செயல்படுபவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உரிமைக் கோரல்களில் மட்டும் நியாயமான முடிவை எடுக்க வேண்டும் என்றது. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு, அத்தகைய முடிவுகளை எடுக்கும்போது அவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எழுதியது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகமோ 2007-இல், தகராறுகளுக்கு முதல் முடிவைச் சொல்பவராகக் கட்டடக் கலைஞரல்லாத ஒருவரையும் நியமிக்கலாம் என்று வழி செய்தது. என் கருத்தில், யாரை நியமித்தாலும் கட்டணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி தீராது. அந்தச் சங்கடத்தோடுதான் வேலை செய்தாக வேண்டும்.

நடைமுறையில் இதன் உயிர்நிலை ரன்னிங் பில், அதாவது வேலை நடக்க நடக்க வரும் இடைக்கால பில். ஒப்பந்ததாரர் மாதந்தோறும் கொண்டுவரும் பில்லில் அந்த மாத வேலை மட்டும் இருக்காது. தொடக்கத்திலிருந்து முடிந்த வேலை முழுவதும் இருக்கும். முடிந்த வேலையின் மதிப்பு 60 பங்கு, அதில் குறைகள் சரிசெய்யப்படுவதற்கு ஈடாக நிறுத்திவைக்கும் 5 சதவீதப் பிடித்தம் 3 பங்கு, முந்தைய சான்றிதழ்களில் கொடுத்தது 45 பங்கு என்றால், இப்போது சேர வேண்டியது 12 பங்கு. இந்த முறையால் ஒரு நன்மை உண்டு: போன மாதம் தவறாகச் சேர்ந்துவிட்ட ஓர் அளவை இந்த மாதம் திருத்திக்கொள்ளலாம். பில்லைச் சரிபார்க்க உட்கார்ந்தால், செங்கல் சுவரின் அளவில் கதவு ஜன்னல் திறப்புகள் கழிக்கப்பட்டுள்ளனவா, கம்பியின் எடை, ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் வளைவையும் பட்டியலிடும் வளைப்பு அட்டவணையோடு ஒத்துப்போகிறதா, மண்ணுக்குள் மறைந்துவிட்ட அடித்தளத்தின் அளவு மூடுவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து எடுத்துக் கையெழுத்திட்டதுதானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தளத்தில் இறக்கி வைக்கப்பட்ட, இன்னும் பயன்படுத்தாத பொருளுக்குப் பணம் கேட்டால், அதற்கான விலையை ஒப்பந்ததாரர் கொடுத்துவிட்டார் என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமையாளர் பணம் கொடுத்த டைல்ஸைச் சப்ளையர் வந்து ஏற்றிக்கொண்டு போகும் நிலை வரலாம்.

கூடுதலாகச் சான்றளிப்பது எவ்வளவு தவறோ, உரிமையாளரின் கை இறுக்கமாக இருக்கிறது என்பதற்காகச் சான்றிதழைத் தள்ளிப்போடுவதும் அவ்வளவு தவறுதான். அமெரிக்கக் கழகத்தின் பொது நிபந்தனைகள் பில் வந்து 7 நாட்களுக்குள் சான்றளிக்க வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கின்றன. பணம் வராத தளத்தில் முதலில் ஆட்கள் குறைவார்கள், பிறகு சென்டரிங் பலகைகள் வேறு தளத்துக்குப் போகும், அதன் பிறகு தாமதத்துக்கு யார் காரணம் என்ற சண்டை தொடங்கும்.

தளத்துக்குப் போவதைப் பற்றி உரிமையாளர்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் அவ்வப்போது வருவது, வேலை பொதுவாக ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று பார்க்கவே. வேலை செய்யும் முறைக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கும் ஒப்பந்ததாரரே பொறுப்பு. நாள் முழுவதும் ஒருவர் நிற்க வேண்டுமானால் அதற்குத் தனியாகத் தளப் பொறியாளரை நியமிக்க வேண்டும். ஆனால் வருகிற நாள் எது என்பது முக்கியம். கான்கிரீட் போட்ட பிறகு வந்தால் பார்ப்பதற்கு வழவழப்பான மேற்பரப்பு மட்டுமே இருக்கும். போடுவதற்கு முந்தைய நாள் வந்தால், கம்பிக்குக் கீழே இடைவெளி விடும் கவர் பிளாக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா, மேல் கம்பியைத் தாங்கும் சேர்கள் மிதிபட்டுச் சாய்ந்திருக்கின்றனவா, மின்குழாய்கள் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா என்பதெல்லாம் கண்ணில் படும். கான்கிரீட் கனசதுரங்களை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் சோதனையின் 28 நாள் முடிவு, அன்று பார்க்கத் தவறியதைச் சொல்லாது.

பாகங்களைத் தயாரிப்பவர்கள் வரைந்து ஒப்புதலுக்கு அனுப்பும் பட்டறை வரைபடங்களுக்கும் அதே கவனம் தேவை. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜன்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி நான்காம் மாடி நடைபாதையைத் தாண்டி இரண்டாம் மாடி நடைபாதையைத் தாங்குவதாக இருந்த அமைப்பு, இரண்டு தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டிருந்தது. அதனால் கீழ் நடைபாதையின் பாரம் மேல் நடைபாதையின் உத்திரத்திலேயே தொங்கி, அங்கிருந்த இணைப்பின்மீது பாரம் இரட்டிப்பானது. அந்த மாற்றம் இருந்த பட்டறை வரைபடத்தில் கட்டமைப்புப் பொறியாளரின் பரிசீலனை முத்திரை இருந்தது. பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் எந்த முத்திரையையும் குத்தக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று எனக்குத் தெரியவில்லை.

கூடுதல் வேலையைப் பொறுத்தவரை சொல்ல அதிகம் இல்லை: எழுத்தில் இல்லாத மாற்றம் மாற்றமே அல்ல. தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்த உரிமையாளர் “இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்களேன்” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனால், அன்று மாலையே அதன் செலவையும் எடுக்கும் நாட்களையும் குறித்து அறிவுறுத்தல் அனுப்பி, இருவரின் ஒப்புதலையும் வாங்கிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது கால நீட்டிப்பு. வழக்கமான மழை ஒப்பந்ததாரர் எதிர்பார்த்திருக்க வேண்டியது, வழக்கத்துக்கு மாறான மழை அவருக்குச் சலுகை தரக்கூடியது என்று பிரிப்பதுகூட எளிதுதான். “படிக்கட்டின் விவர வரைபடம் உங்களிடமிருந்து மூன்று வாரம் தாமதமாக வந்தது” என்று ஒப்பந்ததாரர் எழுதினால் என்ன செய்வது? அந்தக் கோரலை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர், தாமதம் செய்தவரேதான். ஏற்றால், ஏன் தாமதம் என்று உரிமையாளர் கேட்பார்; மறுத்தால், நியாயம் கெட்டுப்போகும். வரைபடம் கேட்ட தேதி, கொடுத்த தேதி, அந்த வேலைக்காகத் தளம் உண்மையில் எத்தனை நாள் காத்திருந்தது ஆகியவை பதிவேட்டில் இருந்தால், அதை உரிமையாளர் முன்னாலேயே திறந்து வைத்து நாட்களை எண்ணிக் கொடுத்துவிடுவதுதான் சரி. அப்படிக் கொடுக்காவிட்டால், தாமத இழப்பீடு பிடிக்கும் உரிமையே பின்னர் உரிமையாளருக்கு ஆட்டம் கண்டுவிடும்.

வேலை முடிந்தது என்ற சான்றிதழோடு பிடித்தத்தில் ஒரு பகுதி, பெரும்பாலும் பாதி, விடுவிக்கப்படும். தெரியவரும் குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் அன்றே ஓடத் தொடங்கும். பல ஒப்பந்தங்களில் அது 12 மாதம். அதன் முடிவில் தரும் இறுதிச் சான்றிதழை வெறும் கணக்கு முடிப்பாக நினைப்பவர்கள் உண்டு. பிரிட்டனில் வழங்கும் ஜேசிடி என்ற நிலையான ஒப்பந்தப் படிவங்களில், குறித்த காலத்துக்குள் வழக்கோ நடுவர் மன்ற நடவடிக்கையோ தொடங்கப்படாவிட்டால், சில விஷயங்களில் அந்தச் சான்றிதழே மறுக்க முடியாத ஆதாரமாகிவிடுகிறது. ஆகவே அதை எழுதுவதற்கு முன் குறைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, மொட்டை மாடியின் நீர்த்தடுப்பிலிருந்து கழிவறைத் தரையின் வாட்டம் வரை, ஒப்பந்ததாரரையும் உரிமையாளரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்துவிட வேண்டும்.