சோலைக்கிளியும் ஈரல் தாவரமும்: குறிப்பேட்டில் இதுவரை

நீலகிரி சோலைக்கிளியையும் (பெயரில்தான் கிளி, இது ஒரு சிறு மலைப் பறவை), குன்னூர் ஓடைக்கரைச் சுவர்களில் அப்பிக் கிடக்கும் மார்கான்ஷியா என்ற ஈரல் தாவரத்தையும் (பாசி போல ஒட்டி வளரும் பூக்காத சிறு செடி) எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து எழுதிவருகிறேன். வகைப்பாடு, பாதுகாப்பு நிலை இரண்டும்தான் தலைப்பு.

பறவைப் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிட்டது. முதுகுநாணிகள், பறவைகள், பாசரிஃபார்மஸ் வரிசை, ஈப்பிடிப்பான் குடும்பம். பேரினம்தான் அலைந்து திரிந்திருக்கிறது. பிராக்கிப்டெரிக்ஸ், மையோமெலா என்றெல்லாம் வைத்துப் பார்த்து, 2017இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் கொடுத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இது. தெற்கே பழனி மலைப் பக்கம் இதன் உறவான வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. செம்பழுப்பு விலாவைப் பார்த்தால் நம்ம நீலகிரிப் பறவை என்று சொல்லிவிடலாம். ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 'அருகிய இனம்'. மலைச் சோலைக் காடுகள் தேயிலைக்கும் சீகை, கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புகளுக்கும் போனதுதான் முக்கியக் காரணம்.

அப்புறம் ஈரல் தாவரம். இங்கேதான் நேரம் போகிறது, எனக்கு இதுதான் பிடித்தும் போயிற்று. மார்கான்ஷியோஃபைட்டா தொகுதி, மார்கான்ஷியேல்ஸ் வரிசை. வேர் கிடையாது, நீர் கடத்தும் குழாய் கிடையாது. வேரிகள் என்ற மெல்லிய இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு காற்றுத் துளை. ஓரம் பல் பல்லாக இருக்கும் கிண்ணங்களில் பச்சை ஜெம்மாக்கள் அடைந்து கிடக்கின்றன. மழைத்துளி விழுந்தால் அவை தெறித்துப் போய் விழும் இடத்தில் புதுச் செடியாகும்.

பேரினம் வரை தைரியமாக எழுதினேன். சிற்றினம் சொல்ல அடிப்பக்கச் செதில்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சிற்றினம் தெரியாமல் பாதுகாப்பு நிலையை நிரப்ப முடியாது. தெரிந்தாலும் நிரம்பும் என்று உறுதியில்லை: உலகப் பறவை இனங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் மதிப்பிட்டுவிட்டார்கள், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஈரல் தாவரங்களில் பெரும்பாலானவற்றை இன்னும் மதிப்பிடவே இல்லை. ஐரோப்பாவில் 2019இல் மாஸ் வகைப் பாசிகளையும் ஈரல் தாவரங்களையும் அவற்றின் உறவான கொம்புத் தாவரங்களையும் சேர்த்து உட்கார்ந்து பார்த்தபோது, ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஆபத்தில் இருப்பது தெரிந்தது. அதனால் அந்தக் கட்டத்தில் கோடு போடாமல் 'மதிப்பிடப்படவில்லை' என்றே எழுதப்போகிறேன். வெற்றிடமாக விட்டால் பத்திரமாக இருக்கிறது என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

அடுத்து, கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நுண்ணோக்கி கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் முதலில் செதில்கள்தான்.