கிரீன் கார்டுடன் ஒரு துப்பாக்கிப் பதிவு: டெக்சஸ் அனுபவம்

2023 ஜனவரி 31 அன்று அமெரிக்க ஃபெடரல் அரசிதழில் வெளியான ஒரு விதி, நான் கடையில் முறைப்படி வாங்கியிருந்த கைத்துப்பாக்கியை வேறொரு சட்டத்தின் கீழ் கொண்டுபோய் வைத்தது. மே 31-க்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும், அல்லது அதன் அமைப்பை மாற்ற வேண்டும், அல்லது ஒப்படைத்துவிட வேண்டும். எதையும் செய்யாமல் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். டல்லாஸுக்கு அருகே வசிக்கும் நான் அப்போது கிரீன் கார்டில் இருந்தேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதே நிலையில் இருந்த தமிழ் நண்பர்கள் சிலர் அப்போதும் பிறகும் என்னிடம் விவரம் கேட்டதால், நான் கடந்து வந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏ.ஆர்.-15 போன்ற துப்பாக்கியின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருந்து, தோளில் வைத்துச் சுடுவதற்கான கட்டையும் அதில் இருந்தால், 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி அது ‘ஷார்ட் பேரல் ரைஃபிள்’ ஆகிவிடும். அதற்குப் பதிவு உண்டு; 2025 வரை 200 டாலர் வரியும் இருந்தது. கட்டை இல்லாவிட்டால் அதே துப்பாக்கி வெறும் பிஸ்டல்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் 2012-இல் வந்து சேர்ந்ததுதான் பிரேஸ் என்கிற கைத்தாங்கி. கை வலுவிழந்த ஒரு முன்னாள் படைவீரர் ஒரே கையால் பாதுகாப்பாகச் சுட வேண்டும் என்பதற்காக அலெக்ஸ் போஸ்கோ என்பவர் அதை வடிவமைத்தார். முன்கையைச் சுற்றிப் பட்டையால் கட்டிக்கொள்ளும் அமைப்பு அது. அதைப் பொருத்துவதால் பிஸ்டல் ரைஃபிளாகிவிடாது என்று, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப். அந்த ஆண்டே எழுத்து மூலம் தெரிவித்தது. அதைத் தோளில் வைத்தால் குற்றமாகலாம் என்று 2015-இல் ஒரு கடிதம் வந்தது. 2017-இல் அந்தக் கருத்தை அவர்களே தளர்த்தினார்கள். நான் 2020-இல் வாங்கியபோது, பிரேஸ் பொருத்திய, குழல் பத்தரை அங்குலம் உள்ள என் துப்பாக்கி, கடையில் வாங்குவோர் நிரப்பும் 4473 படிவத்தில் பிஸ்டல் என்றே பதிவானது. குடியேறியவருக்கு அரசு தரும் ஏலியன் எண்ணைக் கேட்டு வாங்கி, பின்னணிச் சோதனை முடித்து, கடைக்காரர் கையில் கொடுத்தார். இப்படிப்பட்ட துப்பாக்கிகளைத்தான் ஷார்ட் பேரல் ரைஃபிள் என்று 2023 விதி கணக்கிட்டது.

2021 மார்ச் 22 அன்று கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளியிடம் இருந்தது இந்த வகைத் துப்பாக்கி. அதற்கு முன் 2019-இல் ஒஹாயோவின் டேட்டனில் ஒன்பது பேரைக் கொன்றவனிடமும் பிரேஸ் பொருத்திய துப்பாக்கிதான் இருந்தது. இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு யாரும் இந்த விதியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கருத்து. எளிதில் மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய, ஆனால் ரைஃபிளின் வலிமை கொண்ட ஆயுதத்தைக் கட்டுப்படுத்த அரசு நினைத்ததில் நியாயம் இருக்கிறது. என் மறுப்பெல்லாம் அதைச் செய்த முறையின் மீதுதான். ஓர் அமைப்பு பத்தாண்டுகள் எழுத்தில் அனுமதித்ததை நம்பிப் பல லட்சம் பேர் பணம் கொடுத்து வாங்கிய பொருளை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாத நிலையில், அதே அமைப்பு தன் விளக்கத்தை மட்டும் மாற்றிச் சிறைத்தண்டனைக்கு உரியதாக்கியது. ஏ.டி.எஃப். தானே சொன்ன மதிப்பீட்டின்படி புழக்கத்தில் இருந்த பிரேஸ்கள் சுமார் 30 லட்சம். காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு சொன்ன எண்ணிக்கை ஒரு கோடி முதல் நான்கு கோடி வரை.

2021 ஜூனில் வெளியான வரைவு விதியில் மதிப்பெண் தாள் ஒன்று இருந்தது. எடை, நீளம், பின்புறப் பரப்பு, குறிபார்க்கும் கருவி என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, ஒரு பிரிவில் நான்கைத் தொட்டால் ரைஃபிள் என்று முடிவு செய்யும் தாள் அது. நான் என் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்து அதை நிரப்பிப் பார்த்து, எந்தக் கேள்விக்கு இரண்டு நேர்மையான ஆட்கள் இரண்டு விடை எழுத முடியும் என்பதைக் குறித்து, கருத்துக் கேட்புக் காலத்தில் எழுதி அனுப்பினேன். மொத்தம் 2,37,000-க்கும் அதிகமான கருத்துகள் சென்றன. இறுதி விதி வந்தபோது அந்தத் தாளையே காணவில்லை. அதற்குப் பதிலாக, பின்புறப் பரப்பு தோளில் வைக்க இடம் தருகிறதா என்பதோடு, தயாரிப்பாளர் எப்படி விளம்பரம் செய்தார், பொதுமக்கள் அதை எப்படிப் பயன்படுத்தக்கூடும் என்பதுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுகோல்கள் வந்திருந்தன. எங்கோ ஒருவர் எடுத்துப் போட்ட வீடியோவைக் கொண்டு என் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பொருளின் சட்டநிலை தீர்மானிக்கப்படலாம் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

குடிமக்களுக்கு இதில் இருந்த கவலை ஒன்று. கிரீன் கார்டில் இருப்பவனுக்கு இருந்த கவலை வேறு. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால், குடியேற்றச் சட்டத்தில் அதுவே நாடு கடத்துவதற்குத் தனியான காரணம். அது மட்டுமல்ல. குடியுரிமை விண்ணப்பமான என்-400-இல், கைது செய்யப்படாமலேயே ஏதேனும் குற்றம் புரிந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பிடிபடவில்லை என்பது அங்கே விடையாகாது; சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும். மே 31-க்குப் பிறகு அந்தத் துப்பாக்கி எந்த மாற்றமும் இல்லாமல் என் வீட்டில் இருந்தால், அந்தக் கேள்விக்கு நான் என்ன எழுதுவேன்?

இதற்காக இரண்டு வழக்கறிஞர்களைப் பார்த்தேன். குடியேற்ற வழக்கறிஞருக்கு பிரேஸ் என்றால் என்னவென்று தெரியவில்லை. துப்பாக்கிச் சட்ட வழக்கறிஞருக்கு என்-400-இன் கேள்வி தெரியவில்லை. “நீதிமன்றத்தில் இந்த விதி நிற்காது, பொறுத்திருங்கள்” என்றார். விதி பின்னாளில் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பொறுத்திருக்கும் வசதி, நாடு கடத்தப்பட முடியாத ஒருவருக்குத்தான் உண்டு. கடைசியில் இருவரையும் ஒரே தொலைபேசி அழைப்பில் பேச வைத்தேன். இரட்டைக் கட்டணம் ஆனது. ஆனாலும் இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த மிகப் பயனுள்ள செலவு அதுதான் என்பேன்.

அந்த அழைப்பில்தான் என் பெரிய அச்சம் ஒன்று விலகியது. பதிவுக்கு விண்ணப்பிப்பதே, பதிவு செய்யாத ஆயுதம் என்னிடம் இருக்கிறது என்று கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வதாகிவிடாதா என்று கேட்டேன். இதே கேள்வி 1968-இல் ஹேன்ஸ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தன்னையே குற்றவாளியாகக் காட்டிக்கொள்ளும்படி ஒருவரைச் சட்டம் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொல்லியது. அதன் பிறகு அதே ஆண்டில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, பதிவுக்காகத் தரும் தகவலை விண்ணப்பத்துக்கு முன்னரோ விண்ணப்பிக்கும் அதே நேரத்திலோ நடந்த மீறலுக்கு எதிரான குற்றவியல் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்தது. அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பதிவு செய்வதென்று முடிவெடுத்தேன்.

16 அங்குலக் குழல் மாட்டினால் பதிவே தேவையில்லை என்பதையும் யோசித்தோம். என் மனைவியும் என்னுடன் ரேஞ்சுக்கு வந்து அதே துப்பாக்கியில் பயிற்சி செய்பவர். நண்பர் ஒருவரின் நீளக் குழலை வாங்கிப் போட்டுப் பார்த்தபோது முன்புறம் கனத்து, சில நிமிடங்களுக்குள் அவர் கை தாழத் தொடங்கியது. ஆகவே அதை விட்டுவிட்டோம். ஆனால் பதிவு செய்வதிலும் அவருக்கு ஒரு பாதகம் இருந்தது. தனிநபராகப் பதிவு செய்தால் துப்பாக்கி என் பொறுப்பில் மட்டுமே இருக்கலாம்; நான் இல்லாதபோது அவர் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது என்று வழக்கறிஞர் சொன்னார். ஒரு சொத்துக்குப் பலர் பொறுப்பேற்கும் சட்ட ஏற்பாடான டிரஸ்ட் வழியாகப் பதிவு செய்தால் அவரையும் சேர்க்கலாம். ஆனால் அந்த டிரஸ்ட் விதி வெளியான நாளிலேயே இருந்திருக்க வேண்டும், துப்பாக்கியும் அன்றே அதன் பெயரில் இருந்திருக்க வேண்டும். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை.

“அப்போ நீங்க ஊருக்குப் போயிருக்கும்போது அந்தப் பெட்டகத்தை நான் திறக்கவே கூடாதாங்க?” என்று கேட்டார். நான் மதுரைக்குப் போய் அப்பாவுடன் சில வாரங்கள் இருந்துவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் தனியாக இருப்பவர் அவர். அவருக்கென்று சிறிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தனிப் பெட்டியில் வைத்துவிட்டு, பெரிய பெட்டகத்தின் எண்ணை நான் மாற்ற வேண்டியிருந்தது. திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் நான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரே எண் அதுதான். இதைத்தான் என்னால் மிகவும் பொறுக்க முடியவில்லை.

விண்ணப்பம் ஃபார்ம் 1. ஏ.டி.எஃப்.-இன் ஈ-ஃபார்ம்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி நிரப்பினேன். அந்தக் காலக்கெடுவுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு 200 டாலர் வரி இருக்கவில்லை. தயாரிப்பாளரின் பெயர், ஊர், மாடல், கேலிபர், சீரியல் எண் ஆகியவற்றைப் பெட்டியில் இருந்த ரசீதைப் பார்த்து எழுதாமல், துப்பாக்கியின் மீதே பொறித்திருப்பதைப் பார்த்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் படிவமும் பொருளும் ஒத்துப்போகாது. என் துப்பாக்கியில் சீரியல் எண்ணில் இருந்த பூஜ்யத்தையும் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும் பிரித்தறிய பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. குழலின் நீளம் அளப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தோட்டா இல்லை என்பதை உறுதி செய்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடி, குழலின் வாய் வழியாக ஒரு மரக்குச்சியைப் போல்ட் முகப்பைத் தொடும்வரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். கழற்றக்கூடிய முனைக் கருவி இருந்தால் அது கணக்கில் சேராது. முழுப் படமும், எழுத்துப் பொறித்த இடத்தின் படமும் எடுத்து இணைத்தேன். ஏற்கெனவே உள்ள பொறிப்பையே ஏற்றுக்கொள்ளலாம் என்று விதியில் இருந்ததால் புதிதாக எதையும் செதுக்க வேண்டியிருக்கவில்லை.

பிறந்த நாடு, குடியுரிமை நாடு, ஏலியன் எண் ஆகிய பகுதிகளில் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்திலும் கிரீன் கார்டில் வேறிடத்திலும் விழுவது நம்மில் பலருக்கு உள்ள தொல்லை. கிரீன் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, மற்ற வடிவத்தையும் வேறு பெயராகக் குறிப்பிட்டேன். கைரேகை எடுத்த இடத்தில் இரண்டு விரல்கள் தெளிவாகப் பதியாமல் போனதால், கையைக் கழுவி ஈரப்பதம் தரும் களிம்பு தடவிக்கொண்டு மீண்டும் போய் எடுத்தேன். படிவத்தின் நகல் ஒன்றைக் கவுண்டி ஷெரிஃபுக்கு அனுப்ப வேண்டும். அது தகவலுக்காக மட்டுமே, அவரது அனுமதி தேவையில்லை. அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏப்ரலில் அனுப்பினேன். காலக்கெடு முடிவதற்குச் சில நாள்கள் முன்பு, மே 23 அன்று, ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதியை எதிர்த்த ‘மாக்’ வழக்கில் வழக்காடியவர்களுக்கு மட்டும் இடைக்காலத் தடை தந்தது. நான் அந்த வரம்புக்குள் இல்லை. ஆகஸ்டு 1 அன்று, வரைவு விதிக்கும் இறுதி விதிக்கும் இடையே இயல்பான தொடர்ச்சி இல்லை என்று அதே நீதிமன்றம் கூறியது. காணாமல் போன அந்த மதிப்பெண் தாளைப் பற்றி நான் நினைத்திருந்ததையே நீதிபதிகளின் தீர்ப்பில் படித்தபோது ஏற்பட்ட நிறைவை மறைக்க விரும்பவில்லை. 2024 ஜூன் 13 அன்று ஃபோர்ட் வொர்த்தில் நீதிபதி ரீட் ஓ’கானர் விதியை முற்றாக நீக்கினார். என் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

ஆகவே, விதி போய்விட்டது. என் பதிவு இருக்கிறது. மத்தியப் பதிவேட்டில் ஷார்ட் பேரல் ரைஃபிளாக உள்ள துப்பாக்கியை வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்ல முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் சாதாரண மக்கள் அதை வைத்திருக்கவே முடியாது. வேலை நிமித்தம் அடிக்கடி மாநிலம் மாறும் நம்மவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். பதிவிலிருந்து நீக்கக் கோரி எழுதலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். என்-400 நேர்காணல் முடியும்வரை எதையும் தொட வேண்டாம் என்று இருந்தேன். அது நல்லபடியாக முடிந்துவிட்டதால் இப்போது அந்தக் கடிதத்தைத் தயார் செய்கிறேன்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல் இந்த வகைத் துப்பாக்கிகளுக்கும் சைலன்சர்களுக்கும் 200 டாலர் வரி பூஜ்யமாகியிருக்கிறது. பதிவு மட்டும் அப்படியே நீடிக்கிறது. வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் வருவதால்தான் பதிவைக் கோரும் 1934 சட்டம் செல்லும் என்று 1937-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று இப்போது வழக்குகள் நடக்கின்றன. அவற்றை நம்பி யாரும் பதிவில்லாமல் எதையும் செய்துவிட வேண்டாம், குறிப்பாகக் கிரீன் கார்டில் இருப்பவர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வாங்கிய ரசீது, ஒப்புதல் பெற்ற ஃபார்ம் 1, ஷெரிஃபுக்கு அனுப்பிய அஞ்சல் ரசீது, வழக்கறிஞர்களின் எழுத்து மூலமான ஆலோசனை ஆகியவற்றின் நகல்களைப் பெட்டகத்துக்கு வெளியே வேறொரு கோப்பில் வைத்திருக்கிறேன். வெளியூர் ரேஞ்சுக்குப் போகும்போது படிவத்தின் நகலைத் துப்பாக்கிப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன்.